பை வைத்தவர்கள் கூடுவதற்கு ஓர் இடம்: எங்கள் ஊரில் நடத்துகிற விதம்

வயிற்றில் பை வைத்தவர்கள், அதாவது ஆபரேஷனுக்குப் பிறகு மலமோ சிறுநீரோ வயிற்றில் போட்ட ஒரு வாயின் (ஸ்டோமா) வழியாகப் பையில் சேர்கிறவர்கள், மாதாமாதம் கூடுகிறோம் என்று சொன்னால், “மனசுக்கு ஆறுதலா இருக்கும், நல்லது” என்பார்கள். ஆறுதல் என்று கூப்பிட்டுப் பாருங்கள், ஒருவரும் வரமாட்டார்கள். தோலில் ஒட்டிப் பையைத் தாங்கும் பேஸ் பிளேட்டை வெட்டக் காட்டித்தருகிறோம், எந்தக் கடையில் எந்தப் பை என்ன விலை என்று சொல்கிறோம், பாவாடை நாடாவை எங்கே கட்டினால் பை அழுந்தாது என்று காட்டுகிறோம் என்றால் வருவார்கள். வந்துவிட்டால் மற்றப் பேச்செல்லாம் தானாக வரும்.

நான் ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். மலக்குடலில் புற்றுநோய் வந்து ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். இடது பக்கம் நிரந்தரமாக கொலாஸ்டமி, அதாவது பெருங்குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்டிருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூட்டம். அதை நடத்துகிற விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்கள் ஊரில் தொடங்க நினைத்தால் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் கிடைப்பது எப்படி

பை வைத்தவர் ஒரே தெருவில் இருந்தாலும் நமக்குத் தெரியாது. புடவைக்குள்ளும் சட்டைக்குள்ளும் மறைந்துவிடும், அவர்களும் சொல்லமாட்டார்கள். தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான்: ஆபரேஷன் வார்டு நர்ஸ், சர்ஜிகல் கடைக்காரர். கடைக்காரரிடம் போய் “யார் யார் வாங்குகிறார்கள், நம்பர் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். அவராகவே கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு சின்னச் சீட்டு அச்சடித்துக் கொடுத்து, பை வாங்குகிறவர் கவரில் போடச் சொல்லுங்கள். கூப்பிடுவதும் கூப்பிடாததும் அவர் விருப்பம். சீட்டில் ஆண் ஒருவரின் நம்பரும் பெண் ஒருவரின் நம்பரும் இருக்கட்டும். பெண் நம்பர் இல்லாவிட்டால் பெண்கள் கூப்பிடவே மாட்டார்கள், அவர்கள் சார்பாகக் கணவர் கூப்பிடுவார். கணவரிடம் பேசி ஒன்றும் ஆகாது.

மூன்று பேர் சேர்ந்தால் தொடங்கிவிடலாம். பத்துப் பேர் சேரட்டும் என்று காத்திருந்தால் அந்த மூவரும் போய்விடுவார்கள்.

“டாக்டர் இல்லாமல் நீங்களே கூடி என்ன பேசப்போகிறீர்கள்?” என்று ஒருவராவது கேட்பார். அவருக்கு நான் சொல்லும் பதில் ஒரு பழைய கதை. அமெரிக்காவில் நார்மா கில் என்ற பெண்ணுக்குக் பெருங்குடல் புண் நோய் முற்றி இலியாஸ்டமி (சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிடுவது) செய்தார்கள். குணமான பிறகு அவர் தன்னைப் போன்ற நோயாளிகளைத் தேடிப் போய்க் கற்றுக்கொடுத்தார். அவருக்கு ஆபரேஷன் செய்த கிளீவ்லாந்து கிளினிக் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் 1958-இல் அவரையே வேலைக்கு வைத்துக்கொண்டார். இன்று ஸ்டோமா நர்ஸ் என்று ஒரு படிப்பு இருக்கிறதே, அதன் தொடக்கம் அந்த நோயாளிதான். பையும் அப்படித்தான் வந்தது. டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற நர்ஸின் தங்கைக்கு ஸ்டோமா வைத்தார்கள். கசிவுக்குப் பயந்து அந்தத் தங்கை வெளியே போவதையே விட்டுவிட்டாள். அவளுக்காக 1954-இல் அக்கா யோசித்ததுதான் தோலில் ஒட்டி, கழற்றிப் போட்டுவிடும் பை. பையோடு இருக்கிறவருக்கும், கூட இருந்து பார்க்கிறவருக்கும் தெரிகிற சில விஷயங்கள் டாக்டருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதைத்தான் பேசப்போகிறோம்.

இடம்: முதலில் கழிவறையைப் பாருங்கள்

ஹால் எப்படி இருந்தாலும் சரி, கழிவறையைப் பார்க்காமல் இடத்துக்குச் சம்மதிக்காதீர்கள். எங்களுக்கு ஒரு பெரிய மண்டபத்தை இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள். கழிவறை பின்பக்கம், கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு நர்சரிப் பள்ளியின் கீழ்த்தள வகுப்பறையை வாங்கினோம். குழந்தைகளுக்கான பெஞ்சுதான், ஆனால் கழிவறை நன்றாக இருக்கிறது.

பார்க்க வேண்டியவை: கீழ்த்தளமா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, குழாயில் நிற்காமல் தண்ணீர் வருகிறதா, புடவையையோ சட்டையையோ மாட்ட ஓர் ஆணி இருக்கிறதா. வெஸ்டர்ன் கழிவறையாக இருந்தால் நல்லது. உட்கார்ந்தபடியே கால்களுக்கு நடுவே பையைத் திறந்துவிடலாம். இந்தியக் கழிவறைதான் என்றால் ஒரு முக்காலி வாங்கி வையுங்கள். பை வைத்தவர் குந்தி உட்கார்ந்தால் மடியும் வயிற்றில் பிளேட் விட்டுப்போகும்.

உள்ளே நாங்கள் வைப்பது ஒரு கைப்பிடிக் கண்ணாடி, மக், பழைய செய்தித்தாள், கறுப்புக் கவர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, டிஷ்யூ. ஸ்டோமா சிலருக்கு வயிற்று மடிப்புக்குக் கீழே இருக்கும். கண்ணாடி இல்லாமல் அவர்களுக்குத் தெரியாது. கழற்றிய பையைக் கழிவறையில் காலி செய்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, செய்தித்தாளில் சுற்றிக் கவரில் கட்டித் தொட்டியில் போட வேண்டும். கழிவறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும், பள்ளிக்கூடம் அடுத்த மாதம் இடம் தராது.

நேரம் பதினொரு மணி. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருமுறை எல்லோருக்கும் பை நிறையும். அதை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வர அவகாசம் வேண்டும். பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தால் கோபியிலிருந்தும் பவானியிலிருந்தும் வருவார்கள்.

முதல் கூட்டம்

மேடை வேண்டாம், மைக் வேண்டாம், வரவேற்புரை கூடவே கூடாது. எழுந்து நின்று பெயரும் நோயும் சொல்ல வைப்பதைப் போல ஆளை விரட்டுவது வேறில்லை. டீ கொடுத்துவிட்டு, யாருக்கு எந்த வகை என்று கேட்டு உட்கார வையுங்கள்.

ஏனென்றால் மூன்று வகைக்கும் கஷ்டம் வேறு வேறு. என் மாதிரி கொலாஸ்டமிக்காரர்களுக்குப் பெரும்பாலும் கெட்டியாக வரும். வாயுவும் மலச்சிக்கலும்தான் பேச்சு. இலியாஸ்டமி என்றால் சிறுகுடலின் கடைசிப் பகுதி, வழக்கமாக வலது பக்கம். கூழாக நாள் முழுக்க வரும், செரிமான நீர் கலந்திருப்பதால் தோலில் பட்டால் வெந்துபோகும். சிறுநீர்ப்பையை எடுத்தவர்களுக்குச் செய்வது யூராஸ்டமி. சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டி அதன் வழியாகச் சிறுநீரை வெளியே விடுவார்கள். ராத்திரி நீளக் குழாய் போட்டுப் பெரிய பையில் இணைத்துத் தூங்க வேண்டும். சிறுநீரில் சளி மாதிரி வந்தால் பயப்படுவார்கள், அந்தக் குடல் துண்டு சளி சுரந்துகொண்டேதான் இருக்கும் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். இந்த மூவரையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்துப் பொதுவாகப் பேசினால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் ஆண்களையும் பெண்களையும் கொஞ்ச நேரம் தனித்தனியாக விடுங்கள். தாம்பத்தியம் பற்றிய கேள்வி அங்கேதான் வரும். கூட வந்த மனைவி, மகன், மருமகளை இன்னோர் அறையில் உட்கார வையுங்கள். பையை மாற்றுகிற வேலை அவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும். அவர்களுக்கும் சொல்ல நிறைய இருக்கிறது, நோயாளி முன்னால் சொல்ல முடியாது.

வெட்டிக் காட்டுவது

கூட்டத்துக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான். கத்தரிக்கோல் என் தொழில் என்பதால் இந்தப் பகுதி என்னுடையது.

ஆபரேஷன் முடிந்த புதிதில் ஸ்டோமா வீங்கியிருக்கும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் சுருங்கிவிடும். பலர் ஆஸ்பத்திரியில் வெட்டிக்கொடுத்த அட்டை அளவையே மாதக்கணக்கில் வைத்துக்கொண்டு வெட்டுவார்கள். ஓட்டை பெரிதாகி, சுற்றியுள்ள தோல் திறந்து கிடக்கும், மலம் பட்டுச் சிவந்து எரியும். “பை சரியில்லை” என்று விலை கூடின பைக்கு மாறுவார்கள். தப்பு பையில் இல்லை. அந்த எட்டு வாரமும் வாரத்துக்கு ஒருமுறை அளவெடுங்கள். பெட்டியிலேயே வட்ட அளவுகள் போட்ட அட்டை வரும். ஸ்டோமா முட்டை வடிவில் இருந்தால் அந்த அட்டை உதவாது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை மேலே வைத்து மார்க்கர் பேனாவால் வரைந்துகொள்ளுங்கள். பிளேட்டின் ஒட்டும் பக்கக் காகிதத்தில் வரையும்போது அந்தத் தாளைத் திருப்பி வையுங்கள், இல்லாவிட்டால் இடது வலது மாறிவிடும்.

வெட்டும் ஓட்டை ஸ்டோமாவைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். நுனி வளைந்த சின்னக் கத்தரிக்கோல் நல்லது. வெட்டிய ஓரத்தை விரலால் ஒருமுறை சுற்றித் தடவுங்கள். பிசிறு இருந்தால் ஸ்டோமாவைக் கீறும். ஸ்டோமாவில் வலி தெரியாது, அதற்கு அந்த நரம்பு கிடையாது. கீறி ரத்தம் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

சுத்தம் செய்ய வெறும் தண்ணீர் போதும். கிரீம் கலந்த சோப்பு, தேங்காய் எண்ணெய், குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான் எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பசை இருந்தால் பிளேட் ஒட்டாது. துடைக்கும்போது ஸ்டோமாவில் துளி ரத்தம் வருவது சகஜம். தோல் நன்றாகக் காய வேண்டும். பிளேட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கி, ஒட்டிய பிறகு கையால் ஒரு நிமிடமாவது அழுத்திப் பிடியுங்கள். உடனே எழுந்து வேலையைப் பார்க்காதீர்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். பாதியைத் தாண்டினால் கனத்தில் பிளேட்டை இழுத்துவிடும்.

எங்கள் ஊர் வெயிலில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் வியர்வையால் பிளேட் ஓரம் இளகிப் போகும், மழைக்காலத்தில் நாலு நாள் நிற்பது அப்போது இரண்டு நாள்தான் நிற்கும். அதற்குத் தகுந்தபடி கூடுதலாக வாங்கி வையுங்கள். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள்.

உடுப்பு

இது எந்த டாக்டர் சீட்டிலும் இருக்காது. பாவாடை நாடா ஸ்டோமா மேல் குறுக்கே போனால் மலம் கீழே இறங்காமல் மேலேயே தேங்கிப் பிளேட்டுக்குள் புகும். நாடாவை எடுத்துவிட்டு இரண்டு அங்குல அகலத்துக்கு எலாஸ்டிக் வைத்துத் தைக்கிறேன், ஸ்டோமாவுக்கு மேலே நிற்கும்படி பாவாடையின் உயரத்தைக் கூட்டிக்கொள்வேன். சுடிதார் பேன்ட்டுக்கும் அதே கதைதான். ஆண்களுக்கு வேட்டி நல்லது; மடிப்பைத் தளர்வாகச் சொருகினால் போதும். பேன்ட் போட்டே ஆக வேண்டும் என்றால் பெல்ட்டுக்குப் பதில் தோள்வார் போடச் சொல்கிறேன், சட்டைக்குள் தெரியாது. ஒரு லாரி டிரைவர் எங்கள் கூட்டத்துக்கு வருகிறார். பெல்ட்டை விட்டு லுங்கிக்கு மாறியதும் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

பைக்கு உறை தைப்பது சுலபம். பிளாஸ்டிக் தோலில் ஒட்டி வியர்த்துப் புண்ணாவதைப் பழைய காட்டன் வேட்டித் துண்டில் தைத்த உறை தடுக்கும். நடுவில் ஸ்டோமா அளவுக்கு ஓட்டை, கீழே திறப்பு. துணிக்கு இந்த ஊரில் பஞ்சமா?

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்ப்பது

கூட்டம் நிலைத்த பிறகு, புதிதாக ஆபரேஷன் ஆனவரை வார்டில் போய்ப் பார்க்கச் சொல்லி நர்ஸ் கேட்பார். எல்லோரையும் அனுப்பாதீர்கள். ஆபரேஷன் ஆகி ஒரு வருடமாவது ஆனவர், அதே வகை, முடிந்தால் அதே வயது, பெண்ணுக்குப் பெண். இளம்பெண்ணிடம் எழுபது வயதுத் தாத்தா போய்த் தைரியம் சொன்னால் ஒன்றும் நடக்காது.

போகிறவர் கதை சொல்லக் கூடாது. கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். என்னிடம் வார்டில் பெரும்பாலோர் கேட்பது “பை எங்கே, தெரியலையே?” என்றுதான். நல்ல புடவை கட்டிக்கொண்டு போவது அதற்காகத்தான். நோயாளி கேட்டால் தவிரத் தன் ஸ்டோமாவைக் காட்டக் கூடாது. எந்த டாக்டர் நல்லவர், எந்த ஆஸ்பத்திரி மோசம் என்று வாய் திறக்கக் கூடாது. மருந்து சொல்லவே கூடாது. உதாரணத்துக்கு, எனக்கு மலச்சிக்கலுக்கு ஒத்துக்கொண்ட பேதி மருந்தை இலியாஸ்டமிக்காரருக்குச் சொன்னால் அவர் உடம்பில் நீர் வற்றி ஆபத்தாகிவிடும்.

கூட்டத்தில் பேசாமல் உடனே அனுப்ப வேண்டியவை

இந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஸ்டோமா ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினால், ரத்தம் நிற்காமல் வந்தால், குடல் வழக்கத்துக்கு மாறாக வெளியே நீண்டு வந்தால், யூராஸ்டமிக்காரருக்கு நடுக்கத்தோடு காய்ச்சலும் இடுப்பு வலியும் வந்தால் ஆஸ்பத்திரி. இலியாஸ்டமியில் நாலு, ஆறு மணி நேரமாக ஒன்றும் வராமல் வயிற்றைப் பிசைந்து வாந்தியும் வந்தால் அது அடைப்பு. விரதம் இருந்து பார்க்கலாம் என்று வீட்டில் இருக்கக் கூடாது.

இன்னொன்று வெயில் காலத்தில் அதிகம். இலியாஸ்டமியில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், எண்ணூறு மில்லி வரை வருவது வழக்கம். ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் நீரோடு உப்பும் போய்விடும். வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இன்னும் அதிகமாகத்தான் போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தொடங்கிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். இளநீர் அதற்கு ஈடாகாது. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. இதைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் நம்புவதில்லை, இளநீர்மேல் அவ்வளவு மரியாதை. திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாப்பாட்டுப் பேச்சை நீளவிடாதீர்கள், முடிவே இருக்காது. புதிதாக இலியாஸ்டமி வைத்தவர்கள் தேங்காய்ச் சில்லு, மக்காச்சோளம், காளான், பனங்கிழங்கு, முருங்கைக்காய்ச் சக்கை இவற்றில் கவனமாக இருக்க வேண்டும், நன்றாக மெல்ல வேண்டும். பீட்ரூட் சாப்பிட்டால் பையில் சிவப்பாக வரும், அலற வேண்டாம். மோர் வாயு நாற்றத்தைக் குறைக்கும் என்பது பலரின் அனுபவம். மற்றபடி ஒவ்வொரு வயிறும் ஒரு மாதிரி.

கோயிலுக்குப் போகலாமா, விளக்கேற்றலாமா என்று ஒரு மாமியாரோ மருமகளோ கட்டாயம் கேட்பார். நாங்கள் தீர்ப்பு சொல்வதில்லை. நான் போகிறேன் என்று மட்டும் சொல்வேன். எங்கள் கூட்டத்துக்கு வரும் பாய் ஒருவர் இமாமிடம் கேட்டுவிட்டு, ஒவ்வொரு தொழுகைக்கும் பையைக் காலி செய்து புதிதாக ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்துகொண்டு தொழுகிறார். அவரவர் பெரியவர்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பை அலமாரி

ஒரு பை சில நூறு ரூபாய் வரை போகிறது, வாரத்துக்கு இரண்டு என்றால் கூலி வேலை செய்கிறவர்களால் தாக்குப்பிடிக்க முடியாது. ஒரே பையைக் கழுவிக் கழுவி வாரக்கணக்கில் போடுகிறவர்களும், துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளிலும் ஸ்டோமா தனி வகையாக இல்லை, அதனால் அந்த வழியில் உதவித்தொகை கேட்டுப்போனால் திருப்பி அனுப்புவார்கள். கூட்டத்தால் செய்ய முடிகிற உருப்படியான வேலை ஓர் அலமாரி வைப்பது.

வகை மாறியவர்கள், அளவு மாறியவர்கள் மிச்சப் பெட்டியைக் கொண்டுவருவார்கள். இறந்துபோனவரின் வீட்டாரும் கொண்டுவருவார்கள். அவர்களை வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பாமல் உட்கார வைத்து டீ கொடுங்கள். உறை பிரிக்காததை மட்டும் எடுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள். பிளேட் தனி, பை தனி என்று இரண்டு துண்டாக வரும் வகையில், இரண்டையும் பூட்டும் வளையத்தின் அளவைப் பெட்டிமேல் பெரிதாக எழுதி வையுங்கள். கோலோபிளாஸ்ட் கம்பெனியில் 40, 50, 60 மில்லிமீட்டர். கான்வாடெக்கில் 45, 57, 70. ஒரு கம்பெனி பிளேட்டில் இன்னொரு கம்பெனிப் பை பூட்டாது. 57-க்கும் 60-க்கும் கிட்டத்தட்டதானே என்று மாட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் நடுவழியில் கழன்றுவிடும். கொடுத்ததை நோட்டில் எழுதும்போது அளவும் எண்ணிக்கையும் மட்டும் எழுதுகிறோம், பெயர் எழுதுவதில்லை. பணம் வாங்குவதில்லை. கம்பெனி விற்பனையாளர் வந்தால் மாதிரிகளை அலமாரியில் வைத்துவிட்டுப் போகலாம், கூட்டத்தில் பேச அனுமதியில்லை.

வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரே ஒரு கறாரான விதி: ஸ்டோமா படம் பொதுக்குழுவில் போடக் கூடாது. தோல் புண்ணாகியிருந்தால் படத்தை ஸ்டோமா நர்ஸுக்குத் தனியாக அனுப்புங்கள். காலை வணக்கம், பூ படம் போடுகிறவர்களை நான் நீக்கிவிடுகிறேன். அவசரத்தில் கேட்கப்பட்ட கேள்வி பூவுக்குள் புதைந்துவிடுகிறது.

குழந்தைகள் இருந்தால்

ஆசனவாய் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் பலருக்கு முதலில் கொலாஸ்டமி வைத்து, பிறகு ஆசனவாய் அமைத்து, அதுவும் ஆறியதும் ஸ்டோமாவை மூடுவார்கள். சுமார் 5000 குழந்தைக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. அந்தத் தாய்மார்களுக்குப் பெரியவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து புற்றுநோய்ப் பேச்சைக் கேட்பதில் பயனில்லை. ஏற்கெனவே மூடி முடித்த குழந்தையின் தாய் ஒருவரின் நம்பர் கிடைத்தால் போதும், அவரோடு இணைத்துவிடுங்கள். நம்மால் முடிந்தது குழந்தை அளவுப் பை எங்கே கிடைக்கும் என்று சொல்வதும், பையை இழுக்காதபடி பின்பக்கம் பட்டன் வைத்த சட்டை தைத்துக்கொடுப்பதும். வெட்டி மிஞ்சிய துணியில் தைத்துவிடலாம்.

தற்காலிகமாகப் பை வைத்த பெரியவர்களும் ஸ்டோமாவை மூடியதும் வருவதை நிறுத்திவிடுவார்கள். போன் செய்து ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். மூடிய புதிதில் ஒரு நாளைக்குப் பலமுறை கழிவறைக்கு ஓட வேண்டியிருக்கும் என்பதையும், அதற்கான பயிற்சியை டாக்டரிடம் கேட்க வேண்டும் என்பதையும் போவதற்கு முன்பே சொல்லி அனுப்புங்கள். மிச்சப் பைகளை அலமாரிக்கு வாங்கிக்கொண்டு, வாட்ஸ்அப் குழுவில் இருக்கலாமா விலகலாமா என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.